பத்தொன்பதாவது ஜாடி

“ஆக்கப் பொறுத்தவன்...” என்று பந்தியில் பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் தனபாலனுக்கு மறந்துபோயிற்று. கப்பல் எஞ்சின்களோடு இருபத்தாறு வருஷம் வெளிநாட்டில் ஓட்டிவிட்டு, ஐம்பது வயதில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் மெஹருன்னிசாவின் கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்திருந்தார். அவளுக்கு முப்பத்தாறு. அவர் டீச்சர் என்பார். அவள் சார் என்பாள்.

எட்டு மாதமாக அவருக்கு ஒரே வேலை, குழலை உருட்டுவது. ஒரு நொடி நின்றாலும் முனையிலிருக்கும் கண்ணாடிக் குழம்பு ஒரு பக்கமாய்த் தொங்கிவிடும். தானும் நிறம் கலந்து பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டு நச்சரித்தார். கடைசியில் அவள் வாக்குக் கொடுத்தாள்: பத்தொன்பதாவது ஜாடி வெளியே வந்த மறுநாள், உலை அவருக்கு.

செம்பு கலந்தால் கண்ணாடி பச்சைநீலமாகும். தீக்குக் காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவக்கும். ஒரே ஜாடியில் இரண்டும் வேண்டும் என்று வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தாள். பதினெட்டும் கறுத்துப்போய் அலமாரியில் நின்றன.

பத்தொன்பதாவது, நேற்று மாலை ஆற்றும் அடுப்புக்குள் போனது. இன்று மாலைவரை கதவைத் தொடக்கூடாது. சூட்டில் காற்றுப் பட்டால் கண்ணாடி தாங்காது. செம்புத்தூள் வாங்க அவள் கடைக்குப் போயிருந்தாள்.

தனபாலன் ஒரு விரற்கடை திறந்தார்.

சொடக்குப் போட்டதுபோல் ஒரு சத்தம். ஜாடி இரண்டாகப் பிளந்து நின்றது.

கதவை மூடினார். பட்டறைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு யோசித்து வைத்திருந்தார். அவள் வந்து நின்றபோது வாயில் வந்தது இவ்வளவுதான்:

“திறந்துட்டேன் டீச்சர்.”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“எப்போ?”

“பதினொன்றரைக்கு.”

“சூடு எவ்வளவு காட்டுச்சு?”

“முந்நூத்தி நாற்பது.”

சுவர்ப்பலகையில் எழுதிக்கொண்டாள்.

“என்ன நிறம்?”

“பார்க்கலை. விரிசலைத்தான் பார்த்தேன்.”

“அவ்வளவு அவசரமா திறந்துட்டு, பார்க்கலையா?”

உடைந்த ஜாடிதானே, இப்போதே எடுத்துவிடலாமே என்றார். உடைந்ததும் ஆறத்தான் வேண்டும் என்றாள். இருவரும் மாலைவரை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு தடவை டீ வந்தது.

மாலை கதவு திறந்தது. வெளிப்புறம் மற்றப் பதினெட்டைப் போலவே கறுப்பு. அவள் ஒரு பாதியை எடுத்து, உடைந்த விளிம்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

விரல் கனத்தில், வெளி ஓரம் மயில்கழுத்து நீலம். உள்ளே போகப் போக மாதுளை முத்துச் சிவப்பு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தனபாலன் கையெடுத்துக் கும்பிட்டதை அவரே அறியவில்லை. அவள் கண் அலமாரியில் நின்ற பதினெட்டின்மேல் போய் நின்றது.

அவர் மெல்லக் கேட்டார்.

“உடைஞ்சதாலதானே டீச்சர் தெரிஞ்சது?”

“ஆமா சார். அதுக்காக அடுத்ததையும் திறந்துடாதீங்க.”

பிறகு, நாளைக்கு உலை உங்களுடையது, என்ன கலக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

இருபதாவது ஜாடிக்கும் குழல் உருட்டுவதாகச் சொல்லிவிட்டு, தனபாலன் பெட்டியைப் பிரிக்கப் போனார்.