காதளவு ஈட்டி

குருவைவிடச் சீடருக்கு இருபத்து நான்கு வயது கூடுதல். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு குணசீலன் கோயில் சிற்பங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டது பூங்கோதையிடம்தான். அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் சார்.

அன்று காலை தூண் மண்டபத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

“என்ன சார், யாரோட சண்டை?”

“அந்த கேம் கம்பெனிக்காரங்களோடதான் டீச்சர்.”

சென்னையில் ஒரு நிறுவனம் நாயக்கர் காலத்துப் போரை வீடியோ கேம் ஆக்கிக்கொண்டிருந்தது. ஆடுகிறவர் படை திரட்டி, வியூகம் வகுத்து, கோட்டையைப் பிடிக்க வேண்டும். ஆயுதங்கள் அந்தக் காலத்துக்குச் சரியா என்று பார்த்துச் சொல்வது குணசீலனின் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடுகிற பெயர்களில் அவர் பெயரும் வரும். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதங்களையே பிரித்துப் போட்ட மனிதர், அந்த ஒரு வரிக்காக ஏங்கிக் கிடந்தார்.

“ஆளைவிட ஒன்றரை மடங்கு நீளத்துக்கு ஈட்டி வெச்சிருக்காங்க. இந்த மண்டபத்துல பதினாலு வீரனை அளந்துட்டேன். எல்லார் ஈட்டியும் காதளவுதான். மாத்தலைன்னா என் பேரே வேண்டாம்னு சொல்லிட்டேன். பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க.”

“கோபம் நல்லாத்தான் வருது உங்களுக்கு,” என்று சிரித்தபடி பூங்கோதை டேப்பை எடுத்து நீட்டினாள். “பக்கத்துல நிக்கிற குதிரையையும் அளந்துடுங்க.”

அளந்தார். குதிரையின் முதுகு வீரனின் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. அடுத்த தூணிலும் அதே கதை. மூன்றாவது தூணில் டேப்பைச் சுருட்டிவிட்டார்.

“கன்னுக்குட்டி மேலயா ஏறிச் சண்டைக்குப் போனாங்க?” என்று கேட்டாள் பூங்கோதை.

“தூணோட அளவு...” என்று இழுத்தார் குணசீலன்.

“அதேதான். கல்லு அவ்வளவுதான் சார். குதிரையைக் குறுக்கின சிற்பி ஈட்டியை மட்டும் விட்டுவைப்பானா?”

ஆறு மாத உழைப்பு அரை மணியில் போயிற்று. அவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். பூங்கோதைக்குப் பாவமாகத்தான் இருந்தது. வெயில் மழை பார்க்காமல் முதல் ஆளாக வந்து நிற்கும் இந்த மாணவரிடம் அவளுக்குத் தனிப் பிரியம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“அப்போ இந்தக் கல்லுல எதைத்தான் டீச்சர் நம்புறது?”

அவள் அவர் கையைப் பிடித்துத் தூணின் அடிப்பக்கத்தில் வைத்தாள். ஈட்டி இல்லாத மூலை என்பதால் அவர் டேப் அங்கே போனதே இல்லை. ஒரு வீரன் விழுந்து கிடந்தான். இன்னொருவன் அவன் தலையை மடியில் வைத்து, தன் கேடயத்தை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்திருந்தான்.

“எத்தனை ஜாண் வருது?”

“மூணு.”

“ஈட்டிக்கு இடம் இல்லாத கல்லுல, இதுக்கு மூணு ஜாண் விட்டிருக்கான் பாருங்க.”

குணசீலன் கையை எடுக்கவில்லை.

“உங்க கேம்ல விழுந்தவன் என்ன ஆவான் சார்?”

“நாலு நொடியில மறைஞ்சிடுவான். நிறைய பேர் கிடந்தா கம்ப்யூட்டர் திணறும்ங்கறாங்க.”

“கிட்ட யாரும் வர மாட்டாங்களா?”

“எங்க டீச்சர் வர்றது? அதுக்குள்ளதான் மறைஞ்சிடறானே.”

போன் அடித்தது. மணி பதினொன்று. குணசீலன் கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தார்.

“ஈட்டி நீங்க வெச்சதே இருக்கட்டும் தம்பி. நான் சொன்னதுதான் தப்பு.”

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பூங்கோதையைப் பார்த்தார்.

“அப்போ என் பேரை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும் டீச்சர்?”

“ஈட்டிக்குப் பக்கத்துல இருந்தா எடுத்துடச் சொல்லுங்க,” என்றாள் பூங்கோதை. “விழுந்தவன்கிட்ட ஒருத்தன் வந்து சேர்ற அளவுக்கு அந்த நாலு நொடியை நீட்டினாங்கன்னா, அங்க போடச் சொல்லுங்க.”