மேலாளர் ஏறிய மேம்பாலம்

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பிய புதுக் கார் வழியில் நிற்காது என்பது நாடறிந்த நம்பிக்கை. அது தவறு என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நான்கு பழம் நசுக்கிய கார் ஒன்று மேடு கண்ட இடமெல்லாம் இழுவை இழந்து நின்றது.

"இன்ஜின் வயரிங்ல கோளாறு சார்," என்றாள் அதன் டிரைவர் பேச்சியம்மாள்.

"வண்டியில கோளாறே கிடையாது. பொம்பளை கால் பட்டா இப்படித்தான்," என்றார் அதை விற்ற ஷோரூமின் மேலாளர். அதை நம்பிய அவளது முதலாளி வேறு டிரைவர் தேடத் தொடங்கினார்.

"இருக்கும் சார். மேம்பாலத்துல ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க, கத்துக்கிறேன்," என்றாள் பேச்சியம்மாள் மேலாளரிடம் பணிவாக.

முதலாளியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு மேலாளரே ஓட்டினார். பாதிப் பாலத்தில் கார் நின்றது. பின்னால் பேருந்துகள் அலறின.

"உங்களுக்கும் பொம்பளை கால்தான் போல, சார்," என்றாள் பேச்சியம்மாள்.

முதலாளி சிரித்துவிட்டார். அவள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, மேலாளர் இறங்கித் தள்ளினார். அன்று மாலையே வயரிங் மாற்றப்பட்டது.