மேட்டில் நின்ற கார்

குன்னூரில் ஷம்ஷாத்தின் பட்டறையில் அருமைநாயகம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தெட்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றி அந்த மலையில் அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

மூன்று வாரமாக அவருடைய சொந்தக் காரே மேடு ஏறாமல் பட்டறையில் கிடந்தது.

“ஆயிலை நேரத்துக்கு மாத்துனேன் மாஸ்டர். வேகமா ஓட்டல. ஒரு குலுக்கல் இல்ல, சத்தம் இல்ல. எப்படிப் போச்சு?”

ஷம்ஷாத் கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து முகர்ந்தாள். கருகிய வாடை.

“இந்த வண்டி குலுங்கிக் காட்டாதுணா, உள்ளுக்குள்ளயே கருகிடும். எந்த மேட்டுல பிரேக் போடாம ஆக்சிலேட்டரை மிதிச்சே நிறுத்துறீங்க?”

அப்படிச் செய்யாதீர்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவரே அவர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

“என் வண்டியை எடுங்க. காட்டுங்க.”

செங்குத்தான ஒரு தெருவில், பச்சை கேட்டுக்கு முன்னால், அவர் கால் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியது. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் உருளவில்லை.

“யார் வீடு?”

“என் பொண்ணு பியூலா வீடு. அவ கல்யாணத்துக்கு நான் போகல. வீம்பு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்துட்டிருந்தேன். அஞ்சு நிமிஷம் நிப்பேன். போயிடுவேன்.”

“பிரேக்கை மிதிச்சா என்ன?”

“மிதிச்சா வண்டி நின்னுடும். நின்னா இறங்கணுமே மாஸ்டர்.”

“மிதிங்க.”

மிதித்தார். ஷம்ஷாத் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள்.

“இறங்குங்கணா.”

கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போட்டபடியே சொன்னாள்:

“பியூலாவா? போன வாரந்தான் புருஷனோட கனடா போச்சு. பாவம், ஞாயித்துக்கிழமையானா ரெண்டு கப்புல காபி ஊத்தி வச்சுட்டு ஜன்னல்ல நிக்கும். இன்னைக்காச்சும் அப்பா இறங்குவாருன்னு. வெளியே வந்தா ஓடிடுவாரோன்னு அதுக்கு பயம். கடைசி ரெண்டு வாரம் காரே வரல.”

திரும்பும்போது ஷம்ஷாத் ஓட்டினாள்.

“வண்டி இல்லாதப்ப பஸ்ஸுல வந்திருக்கலாம் மாஸ்டர்,” என்றார் அருமைநாயகம். “பஸ்ஸுன்னா இறங்கித்தானே ஆகணும். அதான் வரல.”

பட்டறை வந்ததும் அவர் தன் காரின் அருகே போய் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“இனிமே சரி பண்ண முடியுமா மாஸ்டர்?”

“வண்டியைப் பண்ணிடலாம்ணா.”