நான்கு அடுக்குத் துணி

"டீச்சர், ஒரு குறையும் வைக்காமத்தான் தைச்சேன். அப்புறமும் இடுப்புல ஏன் இப்படித் தடிச்சு நிக்குது?"

செலஸ்டினா கல்யாணக் கவுனை மேஜைமேல் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தையல் வகுப்பில் சேர்ந்தவர். டீச்சர் நஸீமாவுக்கு இருபத்தாறு.

சனிக்கிழமை தூத்துக்குடியில் மகள் ரின்சிக்குக் கல்யாணம். கவுனைக் கடையில் எடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். "என் பிள்ளைக்கு நான்தான் தைப்பேன்" என்று செலஸ்டினா ஒற்றைக்காலில் நின்றார்.

நேற்று ரின்சி போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். ஆனால் கை இடுப்பை விட்டு நகரவே இல்லை.

அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து செலஸ்டினாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நஸீமா கவுனை உள்பக்கமாகப் புரட்டினாள். இடுப்புத் தையலில் சாட்டின் இரண்டு, உள்துணியான லைனிங் இரண்டு. நான்கும் தையலைத் தாண்டி ஒரே அளவில் ஒரு இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன் ஆன்ட்டி இவ்வளவு துணி?"

"பிரிஞ்சிடக் கூடாதுல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு விட்டேன்."

நஸீமா செலஸ்டினாவின் பையைப் பார்த்தாள்.

"பையில கல்யாணப் பத்திரிகை இருக்கா?"

"உங்களுக்குத்தான் அன்னைக்கே வச்சேனே!"

"இன்னும் நாலு கொடுங்க."

நான்கு பத்திரிகைகளையும் ஓரம் பிசகாமல் அடுக்கி, மேலே ஒரு துண்டு சாட்டினைப் போர்த்தினாள்.

"தடவிப் பாருங்க."

செலஸ்டினாவின் விரல் ஓரத்தில் இடித்தது.

துணிக்கடியில் கைவிட்டு, பத்திரிகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தாள் நஸீமா.

"இப்போ?"

விரல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

செலஸ்டினா கவுனைப் பார்த்தார். அப்புறம் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"வெட்டினா பிடிப்புப் போயிடாதா டீச்சர்?"

"இப்போ எது பிடிச்சிருக்கு?"

செலஸ்டினா நீட்டிக்கொண்டிருந்த துணியைத் தொட்டார். அங்கே ஒன்றுமில்லை. விரல் மெல்ல உள்ளே போய், தையல் வரிசையில் நின்றது.

"இந்த நூல்தான்."

நஸீமா கத்தரிக்கோலைப் பிடிப்பக்கமாக நீட்டினாள்.

முதல் வெட்டுக்கு முன் செலஸ்டினா சிலுவை போட்டுக்கொண்டார். கடைசி லைனிங் கால் இஞ்ச் ஆனது. அடுத்த துணியைக் கொஞ்சம் கூட விட்டார், அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம். வெளித்துணியை ஒட்டியதை மட்டும் அகலமாக விட்டார். பாதிச் சுற்று வருவதற்குள் வாய் தானாகக் கோயில் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி வைத்தார். இடுப்பு அப்படியே படிந்தது.

சாயங்காலம் ரின்சி வந்து போட்டுப் பார்த்தாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வகுப்பு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

செலஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பிச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"முதல் நாளே சொன்னேனே ஆன்ட்டி. நீங்க அழகா நோட்டுல எழுதிக்கிட்டீங்க."