ரிவ்கா அம்மாவுக்கு ஒரு புது வருஷ அட்டை

மலை உச்சியில் ஒரு டீக்கடை. அதை நடத்திய மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரே மூளையைத்தான் கொடுத்திருந்தான். இன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்று மூவருக்குமே தெரியாது. சவரிமுத்து, அவன் பெண்சாதி தெரசம்மா, தம்பி லூர்து. தங்கமான ஆட்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடை மாடியில் ரிவ்கா அம்மா என்ற யூதப் பெண்மணி பல வருஷமாகக் குடியிருந்தார். தமிழும் பேசுவார். யூதர்களின் புது வருஷமான ரோஷ் ஹஷானாவுக்கு அவர் மகள் வெளிநாட்டிலிருந்து தானே செய்த வாழ்த்து அட்டை ஒன்றை அனுப்புவாள். இந்த வருஷம் அது வரவில்லை. பண்டிகைக்கு முந்தின காலையில் அந்த அம்மா இஞ்சி டீயைத் தொடாமலே மாடிக்குப் போய்விட்டார். மூவருக்கும் மனசு கேட்கவில்லை. தாங்களே ஓர் அட்டை செய்து கொடுப்பது என்று முடிவானது.

மகள் அனுப்பும் அட்டை எப்படி இருக்கும் என்று லூர்து மாடிக்குப் போய் நைசாக விசாரித்து வந்தான். கையாலேயே செய்ததாக இருக்குமாம். ஆப்பிளும் தேனும் இருக்குமாம். அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போகுமாம். பொழுது சாய்ந்தால் வருஷம் பிறந்துவிடுமாம், அதற்குள் வந்துவிட வேண்டுமாம்.

கையாலேயே என்றதும் தெரசம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். பிஸ்கட் பெட்டியின் அட்டையைச் சவரிமுத்து பல்லால் கடிக்கப் போனான்.

"ஏங்க, பல்லு கையில சேருமா?" என்றாள் தெரசம்மா.

மூவரும் யோசித்தார்கள். "அண்ணனுக்குப் பல்செட்டுத்தான மதினி? கழட்டிக் கையில வச்சுக்கிட்டா சேரும்ல" என்றான் லூர்து.

சவரிமுத்து பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்து, அட்டையைச் சுற்றிலும் கடிக்க வைத்து வெட்டினான். ஓரம் பூ வேலை செய்ததுபோல் அழகாகவே வந்தது. அதன்மேல் லூர்து ஓர் ஆப்பிளைப் பிசைந்து அப்பினான், தெரசம்மா தேனை ஊற்றினாள்.

எழுத்துதான் பாக்கி. யாருக்கும் தெரியாது. யார் எழுதுவது என்று மூவரும் வாதாடிக்கொண்டிருந்தபோதே, வலது பக்கச் சுவரோரமிருந்து ஓர் எறும்பு வரிசை கிளம்பி அட்டைக்குள் நுழைந்தது.

"அண்ணே, வலதுலருந்து எழுத்து தானா வருது."

சவரிமுத்து குனிந்து பார்த்தான். "பேசாத. எழுதுறவுகளத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றான்.

கைகட்டி நின்றார்கள். எறும்புகள் வந்தன, தின்றன, ஆளுக்கொரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பின. ஆப்பிள் போயிற்று, தேன் போயிற்று, எழுத்தும் சுவரடிப் பொந்துக்குள் போய்விட்டது. வெளியே பொழுது சாயத் தொடங்கியது. தெரசம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. லூர்து ஓடிப்போய் ரிவ்கா அம்மாவைக் கீழே அழைத்து வந்தான்.

"அம்மா, உங்களுக்கு வாழ்த்து வந்துச்சு. இப்பத்தான் இந்தப் பொந்துக்குள்ள போச்சு. செத்த உக்காருங்க, வந்துரும்."

ரிவ்கா அம்மா கடித்த அட்டையைப் பார்த்தார், பல்லைக் கையில் வைத்திருந்த சவரிமுத்துவைப் பார்த்தார், பொந்தையும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஓர் இஞ்சி டீ கேட்டார்.

"உள்ள இருக்குறத இங்கருந்தே படிச்சுட்டாக பாத்தீங்களா" என்று தெரசம்மா புருஷன் காதில் சொன்னாள். "அவுக பாஷைல்ல."

அடுத்த வருஷ அட்டைக்காக லூர்து தினமும் பொந்து வாசலில் சர்க்கரை தூவுகிறான், வலமிருந்து இடமாக மட்டும். மாற்றித் தூவினால் எறும்புகள் தமிழில் எழுதப் பழகிவிடுமாம்.