மூங்கில் காட்டுச் சீழ்க்கை

ஒரு காட்டில் மூங்கில்கள் அடர்ந்து வளர்ந்திருந்தன. இரண்டடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது. ஆனாலும் அங்கே வாழ்ந்த செந்நாய்கள் ஒன்றையொன்று தொலைத்ததே இல்லை. ஏன் தெரியுமா குழந்தைகளே? அவற்றின் மொழி சீழ்க்கை. "நான் இங்கே, நீ எங்கே?" என்று ஒன்று சீழ்க்கையடித்தால் போதும், எல்லாப் பக்கமிருந்தும் பதில் வரும்.

ஒருநாள் அங்கே ஒரு நரி வந்தது. அதற்கு வேலை வெட்டி கிடையாது; வாய் மட்டும் ஓயாது.

"தலைவரே, காட்டுக்கு ராஜா புலி. புலி பேசுவது உறுமல். நீங்களோ எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுகிறீர்கள். யார் மதிப்பார்கள்? நான் உறுமக் கற்றுத் தருகிறேன். வேட்டையில் ஒரு தொடை கொடுங்கள், போதும்" என்றது.

தலைவன் செம்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனி எல்லாரும் உறுமத்தான் வேண்டும். சீழ்க்கையடித்தால் இறைச்சியில் பங்கு கிடையாது" என்று உத்தரவு போட்டது.

எல்லாச் செந்நாய்களும் தொண்டை கட்டும்வரை உறுமிப் பழகின. சுருளி என்ற பெண் செந்நாய் மட்டும் மசியவில்லை. தன் நான்கு குட்டிகளையும் ஓடையோரம் உட்காரவைத்துத் தினமும் சீழ்க்கை சொல்லிக்கொடுத்தது. அதன் பங்கு போயிற்று. தவளை பிடித்துத் தின்று, விலா எலும்பு தெரிய மெலிந்தது.

"எதற்கு அக்கா இந்த வீம்பு?" என்று கேட்டது இன்னொரு செந்நாய்.

"புலி தனியாகத் திரிகிறது. அதன் பேச்சு அடுத்தவரை விரட்டுகிற பேச்சு. நாம் கூடி வாழ்கிறவர்கள். நம் பேச்சு கூப்பிடுகிற பேச்சு. இதை விட்டுவிட்டால் நாம் யார்?" என்றது சுருளி. பட்டினியிலும் அதற்கு எவ்வளவு தெளிவு பாருங்கள்!

சில நாள் கழித்து ஒரு காலையில் காடெங்கும் பனிமூட்டம். வேட்டைக்குப் போன செம்பன் நேராகப் புலியின் முன்னால் போய் நின்றுவிட்டது. கூட்டத்தைக் கூப்பிட, உள்ள பலத்தையெல்லாம் திரட்டி உறுமியது.

புலி சிரித்தது. "நன்றாகத்தான் படித்திருக்கிறாய். எங்கள் மொழியில் இதற்கு 'விலகிப் போ' என்று அர்த்தம். அதோ கேள், உன் கூட்டம் விலகி ஓடுகிறது!"

உண்மைதான். உறுமியது புலி என்று பயந்து எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. செம்பன் சீழ்க்கையடிக்கப் பார்த்தது. பாதிதான் வந்தது.

சுருளிக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. "நான் இங்கே!" என்று சீழ்க்கையடித்தது. உடனே நான்கு குட்டிகளும் நான்கு பக்கமிருந்து பதில் கொடுத்தன. ஓடிய செந்நாய்கள் அதைக் கேட்டு நின்றன. தாங்களும் சீழ்க்கையடித்துக்கொண்டே திரும்பி வந்தன. பனிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று புலிக்குப் புரியவில்லை. சத்தமில்லாமல் நழுவிவிட்டது.

மறுநாள் ஓடையோரம் பாடம் நடந்தபோது செம்பனும் வந்து, குட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தது. அதன் சீழ்க்கை பாதியிலேயே நின்றது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

சுருளி சிரிக்கவில்லை. "பரவாயில்லை தலைவரே, இன்னொரு தடவை" என்றது.

நீதி: தன் மொழியைத் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இனமே இனமாக வாழும்.