ஒற்றைப் பிரதி

முதலில் கெடுதல் செய்தவர் திருமேனிநாதன்தான். இதில் மாசிலாமணிக்குச் சந்தேகமே கிடையாது.

மாசிலாமணி படித்தது எட்டாம் வகுப்பு. விண்கலங்களோடு பேசும் குன்றுமேல் நிலையத்துக்குக் கேபிள் இழுக்க வந்தவர். அங்கே பொறியாளர் ஹசீனாவிடம் கணினி நிரல் எழுதக் கற்றார். குரு சீடரைவிடப் பத்து வயது இளையவர். இவருக்கு அவர் டீச்சரம்மா; அவருக்கு இவர் அண்ணன்.

தொலைதூரக் கிரகங்களைப் படமெடுக்கப் போன ஒரு கலத்துக்காக மாசிலாமணி எழுதியது ஒரே ஒரு சிறு நிரல் துண்டு. கலம் திசை தப்பினால் சூரியனைத் தேடிப் பிடித்து, பூமிப் பக்கம் முகம் திருப்பும் துண்டு. கலத்தின் நாற்பது நிரல்களும் அதில் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தன. நாற்பதின் தலையிலும் மாசிலாமணி பெயர் இருந்தது.

கலத்தின் நினைவகத்தில் இடம் போதவில்லை என்றார் மேலதிகாரி திருமேனிநாதன். ஒரே ஒரு பிரதியை வைத்தார். நாற்பது நிரல்களுக்கும், அதன் எழுத்துகளிலிருந்தே கணக்கிட்ட முத்திரை எண்ணை மட்டும் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் துண்டு கிடைக்கும். எண் போடும் முன்பே, மிஞ்சிய அந்த ஒன்றிலும் பெயர் வரியை அழித்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பொன்னாடை போர்த்திக்கொண்டு ஓய்வும் பெற்றார்.

மிச்சமான இடத்தில் கலம் படங்களைச் சேர்த்து அனுப்பியது. நீல வளையம் சூழ்ந்த பனி உலகத்தின் படம் வந்த அன்று நிலையமே எழுந்து நின்றது. மாசிலாமணியும் நின்றார். கண் கலங்கியது. கோபம் கரையவில்லை.

பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கலம் கடைசிக் கிரகத்தையும் தாண்டிவிட்டது. மாசிலாமணியின் வயிற்றெரிச்சல் மட்டும் இம்மியும் நகரவில்லை.

ஒரு நாள் மாலையோடு கட்டளை அனுப்புவது நிற்பதாக இருந்தது. இனி கலம் பேசும், இவர்கள் கேட்கலாம், அவ்வளவுதான். அன்று மாசிலாமணி ஒரு தாளோடு ஹசீனாவிடம் வந்தார்.

"என் பேரை அதுல சேர்க்கணும், டீச்சரம்மா. ஒரே வரி."

"ஒரு புள்ளி கூடினாலும் முத்திரை எண் மாறிடுமே, அண்ணே. நாற்பதும் பழைய எண்ணைச் சொல்லித் தேடும். கிடைக்காது."

"புது எண்ணைச் சொல்லிடுங்க."

"நாற்பதுக்கும் சொல்ல நாலு நாள் வேணும். நமக்கு இருக்கிறது ஒரு மணி நேரம்."

"அப்பத் தேடட்டும். பத்தொன்பது வருஷமா நான் தேடலையா?"

ஹசீனா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

"உட்காருங்க. நீங்களே அனுப்புங்க."

மாசிலாமணி உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. தாளில் இருந்த அந்த வரியைத் தட்டினார். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தார்.

எட்டு மணி நேரத்துக்கு முன்பு கலம் சொன்னது அப்போதுதான் திரைக்கு வந்து சேர்ந்தது. திசை தப்பியது. சூரியன் கிடைத்தது. பூமி கிடைத்தது.

"என் துண்டா?"

"வேற யாருது?"

"அடுத்த தடவை தப்பினா?"

"மறுபடி அதைத்தான் கூப்பிடும்."

"பேரைச் சொல்லியா கூப்பிடுது?"

"இல்லை, அண்ணே. எண்ணைச் சொல்லித்தான்."

ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை டீச்சரம்மாவுக்கு.

"அந்த ஆளு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான். அது அவர் பட்ட கடன். கலம் உங்ககிட்ட எதுவும் கடன்படலையே, அண்ணே."

மாசிலாமணி பொத்தானை அழுத்தாமல் விரலை எடுத்தார். தாளைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.